எங்க எழுதினாலும் எல்லாத்துலயும் வரும்

ஃபோன்ல குறிப்பு எழுதற இந்த ஆப்பையா கேக்கறீங்க? நல்ல ஆப்தான் தம்பி. தாராளமா போட்டுக்கலாம். ஆனா போடறதுக்கு முன்னாடி நிறை என்ன, குறை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. நான் சொல்றேன். ராஜபாளையம் போய்ச் சேர இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு. நீங்க எதுவரைக்கும் போறீங்க? சரி சரி, அப்ப நேரம் இருக்கு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்குங்க. காத்துல நான் பேசறது உங்களுக்குக் கேக்காமப் போயிரும்.

நிறை மூணு, குறை ஒண்ணும் இல்ல. அப்படித்தான் போன வருஷம் எழுதி வச்சிருந்தேன். இப்ப கணக்கு மாறிப்போச்சு.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பேரு திரவியம். கப்பலூர் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனி, அதுல தரக்கட்டுப்பாடு. இருபத்தாறு வருஷமாச்சு. அடுப்புலேருந்து வர்ற பிஸ்கட்ல மணிக்குப் பத்து எடுக்கணும். கனம் என்ன, நிறம் என்ன, உடைச்சா நேரா உடையுதா, பொடியா உதிருதா, எல்லாம் பார்த்து எழுதணும். எழுதலைன்னா அது நடக்கவே இல்லைன்னு அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நான் அதை வீட்டுக்கும் கொண்டுபோயிட்டேன். பழக்கம்தானே.

முன்னெல்லாம் பாக்கெட் நோட்டுலதான் எழுதுவேன். சட்டையோட சேர்த்துத் துவைக்கப் போயிரும். வருஷத்துக்கு எட்டு நோட்டாவது துவைச்சு, காயவச்சு, அலசிப்போன எழுத்தைப் பார்த்துட்டு உக்கார்ந்திருப்பேன். என் பொண்ணு நித்திலா புனேயில வேலை பார்க்கிறா. போன வருஷம் ஜூன்ல லீவுக்கு வந்தவ பாத்துட்டு, ‘அப்பா, இந்தக் காலத்துல யாரு நோட்டுல எழுதறா’ன்னு சொல்லி இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தா. ஃபோன்ல போட்டா. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எப்படிப் போடறதுன்னு சொல்லிக் கொடுத்தா. அடுக்களையில ஒரு பழைய டேப்லெட் கிடக்கும், அவ காலேஜ்ல படிக்கறப்ப வாங்கினது, அதுலயும் போட்டா. போட்டுட்டு, ‘அப்பா, இனிமே நீங்க எங்க எழுதினாலும் எல்லாத்துலயும் வரும்’னா.

எல்லாத்துலயும்னா என்ன? எனக்கு எல்லாம்னா ரெண்டுதான். ஃபோன் ஒண்ணு, ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒண்ணு. அந்த டேப்லெட்டை நான் கணக்குலயே எடுக்கலை. அது என் வீட்டம்மா செண்பகம் சமையல் வீடியோ பார்க்கிற சாமான். எண்ணெய்ப் பிசுக்கோட மிக்சி பக்கத்துல நிக்கும். அதைப் போய் யாராவது ஒரு கருவின்னு நினைப்பாங்களா?

என்னமோ சொல்ல வந்தீங்க? இருங்க, இதை முடிச்சிடறேன்.

நிறை ஒண்ணு, தொலையாது. நிறை ரெண்டு, தேடினா உடனே கிடைக்கும். ‘உப்பு’ன்னு போட்டா, எந்தெந்த நாள் சாம்பார்ல உப்பு கூடியிருந்துச்சுன்னு வரிசையா வந்து நிக்கும். பிரமாதமா இருந்துச்சு தம்பி. ‘வீடு – கவனிப்பு’ன்னு ஒரு தலைப்புப் போட்டு எழுத ஆரம்பிச்சேன். பன்னெண்டாம் தேதி: இட்லி ஓரம் கொஞ்சம் கெட்டி. பதினாலாம் தேதி: துவையல்ல புளி தூக்கல், மறுபடி பரிசோதிக்கணும். பத்தொம்பதாம் தேதி: செண்பகம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க சராசரி பதினோரு நிமிஷம் எடுத்துக்கிறா, விஷயம் நாப்பது செகண்டுதான். ஆமா, வாட்ச் வச்சுத்தான் பார்த்தேன். குறை சொல்லணும்னு இல்ல. தகவலுக்காக.

மனுஷங்களைப் பத்தியும் எழுதுவேன். என் சகலை கோதண்டம்னு, ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி வியாபாரம். செண்பகத்தோட தங்கச்சி மங்கை வீட்டுக்காரர். அவரைப் பத்தி ஒரே வரி. ‘பேச்சு அதிகம், தரம் குறைவு.’ பிஸ்கட்டுக்கு எழுதற மாதிரிதான். அதுக்கும் இதுக்கும் நான் வித்தியாசம் பார்க்கறதில்ல.

இப்படி ஒரு மூணு மாசம் போச்சு. செப்டம்பர்ல ஒரு நாள். ஆபீஸ்ல உக்கார்ந்து ‘வீடு – கவனிப்பு’ திறக்கறேன். நேத்துத் தேதியில ஒரு வரி. ‘ரசம் இன்னைக்கு நல்லா இருந்தது. அவகிட்ட சொல்லணும்.’

எனக்கு எழுதின ஞாபகமே இல்ல. ஆனா யோசிச்சுப் பார்த்தா ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. சரி, தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பேன்னு விட்டுட்டேன். எழுதியிருக்கு, செய்யாம இருக்கலாமா? சாயங்காலம் வீட்டுக்குப் போய், ‘நேத்து ரசம் நல்லா இருந்துச்சு’ன்னேன். செண்பகம் கரண்டியைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தா. ‘அப்படியா?’ன்னா. அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு. ‘செண்பகத்தைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் போகணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன்.’ ரொம்ப நாளாவா? எனக்கே தெரியலையேன்னு தோணுச்சு. ஆனா நினைக்காததையா எழுதுவேன்? எங்க வீடு திருநகர். திருப்பரங்குன்றம் அஞ்சு நிமிஷ தூரம். கூட்டிட்டுப் போனேன். கோயிலை விட்டு வெளிய வந்ததும் கரும்புச்சாறு குடிச்சோம். அவ ரெண்டு டம்ளர் குடிச்சா. அவளுக்குக் கரும்புச்சாறு பிடிக்கும்னு அன்னைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அதையும் எழுதி வச்சேன்.

அப்புறம் வரிசையா வந்துச்சு. ‘மிக்சி ஜார் ஒழுகுது. சனிக்கிழமை மாத்திடணும்.’ மாத்தினேன். ‘நித்திலாகிட்ட வாரத்துக்கு ஒரு தடவையாவது நானா ஃபோன் பண்ணிப் பேசணும்.’ பேசினேன். ‘பழைய பனியன் நாலையும் தூக்கிப் போடணும். பார்க்கச் சகிக்கலை.’ அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான் தம்பி. நாலும் நல்ல பனியன். காத்தோட்டமா இருக்கும். ஆனா நானே சகிக்கலைன்னு எழுதியிருக்கேனேன்னு தூக்கிப் போட்டேன்.

சிரிக்கறீங்க. உங்களுக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. எனக்குப் புரியலையே. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இந்த ஆப்புல ஏதோ இருக்குன்னு நினைச்சேன். தொடர்ந்து எழுத எழுத, மனசுக்கு அடியில கிடக்கறதெல்லாம் மேல வந்து தானா எழுதிக்குதுன்னு. நம்ம அடிமனசு எவ்வளவு நல்லது பாருங்கன்னு ஒரு பெருமை வேற. என் பக்கத்து மேஜை ஹமீதுகிட்ட இதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். ‘எழுது ஹமீது, உனக்குள்ளயும் ஒரு நல்ல மனுஷன் இருப்பான், வெளிய வருவான்’னேன். அவரும் பாவம், போட்டுக்கிட்டார். ஒரு மாசம் கழிச்சு, ‘அண்ணே, நான் எழுதினது மட்டும்தான் இருக்கு, வேற ஒண்ணும் வரலை’ன்னார். ‘உனக்கு இன்னும் பக்குவம் வரலை’ன்னு சொல்லிட்டேன்.

நிறை மூணுன்னு எதைச் சொன்னேன்? சொல்லலையா? நிறை மூணு, மனுஷனைத் திருத்தும். அப்படித்தான் அப்ப எழுதியிருந்தேன்.

வீட்லயும் நல்லாப் போயிட்டிருந்துச்சு. செண்பகம் சிரிச்ச முகமா இருந்தா. நான் சாப்பிடறப்ப எதிர்ல வந்து உக்கார ஆரம்பிச்சா. முன்ன அப்படி உக்கார மாட்டா. நான் சாப்பிட்டுக்கிட்டே ஃபோன்ல எழுதுவேன். அவ ஏதோ சொல்லிட்டிருப்பா. நான் ‘ம்’ போடுவேன். ‘ம்’ போடறதை நான் ஒரு நாளும் விட்டதில்ல.

இந்த வருஷம் ஜனவரி. பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம். காலைல பதினோரு மணி இருக்கும். ஆபீஸ்ல ஆப்பைத் திறக்கறேன். புதுசா இருக்கு. ‘பத்து நாளா இடது தோள்லேருந்து முழங்கை வரைக்கும் வலி. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. யார்கிட்டயும் சொல்லலை. பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போகணும்.’

படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இடது கையை மெதுவாத் தூக்கிப் பார்த்தேன். வலிச்சுது தம்பி. சத்தியமா வலிச்சுது. தோள்லேருந்து முழங்கை வரைக்கும், எழுதியிருந்த மாதிரியே. பத்து நாளா வலிக்குது, நான் அதைக் கவனிக்கவே இல்ல, ஆனா என் அடிமனசு கவனிச்சு எழுதியிருக்குன்னு நினைச்சேன். பன்னெண்டு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. சாப்பாட்டுக் கூடையைத் திறக்கலை. ஹமீது என் முகத்தைப் பார்த்துட்டு, ‘அண்ணே, வேர்த்துக் கொட்டுது, எந்திரிங்க’ன்னு ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். ஆட்டோல போறப்ப, ‘ஹமீது, நித்திலா கல்யாணத்தை நீ முன்னாடி நின்னு நடத்தணும்’னு அவர் கையைப் பிடிச்சு அழுதேன். அவரும் அழுதார்.

ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க. எக்கோ எடுத்தாங்க. ஓடற பட்டை மேல ஏறி நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். டாக்டரம்மா எல்லாத்தையும் பார்த்துட்டு, ‘உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே சார். இதயம் முப்பது வயசுக்காரர் மாதிரி இருக்கு’ன்னாங்க. எனக்கு நம்பிக்கை வரலை. ஃபோனை நீட்டி, ‘நானே எழுதியிருக்கேன், பாருங்க’ன்னேன். அவங்க வாங்கிப் படிச்சாங்க. படிச்சுட்டு, ‘மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு போட்டிருக்கீங்க. எந்த மாடிப்படி? எத்தனை படி? தினம் எத்தனை தடவை ஏறறீங்க?’ன்னு கேட்டாங்க.

அப்பத்தான் தம்பி யோசிச்சேன். எங்க ஆபீஸ் தரைத்தளம். வீடும் தரைத்தளம். வீட்டுக்கு மேல மொட்டைமாடிதான். அங்க நான் ஏறி ஆறு வருஷம் இருக்கும், டிஷ் ஆன்டெனா வைக்க வந்தவனோட போனது. அங்க யாரு ஏறுவாங்க? துணி காயப்போட ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை. ஈரத்துணி வாளியோட.

டாக்டரம்மா, ‘சார், என்ன ஆச்சு, உக்காருங்க’ன்னாங்க.

வீட்டுக்கு ஃபோன் பண்ணினேன். செண்பகம் எடுத்து, ‘சாப்பிட்டீங்களா?’ன்னா. எப்பவும் அதான் முதல்ல. நான், ‘செண்பகம், உனக்குக் கை வலிக்குதா?’ன்னேன். மிக்சி ஓடிட்டிருந்தது, அதை நிறுத்தினா. அப்புறம், ‘படிச்சிட்டீங்களா?’ன்னா.

நல்லாக் கேட்டுக்குங்க. ‘எப்படித் தெரியும்’னு கேக்கலை. ‘யார் சொன்னா’ன்னு கேக்கலை. ‘படிச்சிட்டீங்களா?’

எனக்குக் கோவம் வந்திருச்சு. பயத்துல வர்ற கோவம்தான். ‘இதை வாயால சொல்ல வேண்டியதுதானே, படிச்சுட்டு எனக்கே கை வலிச்சு ஆஸ்பத்திரியில நிக்கறேன்’னு கத்தினேன். அவ கத்தலை. ‘மூணு தடவை சொன்னேங்க. மூணு தடவையும் நீங்க எழுதிட்டிருந்தீங்க. நான் சொன்னா உங்களுக்குக் கேக்கலை. நீங்க எழுதினதுன்னா செய்யறீங்க. அதான் நீங்க எழுதின மாதிரி எழுதினேன். இப்படி உங்களுக்குக் கை வலிக்கும்னு நான் நினைக்கலை’ன்னா. சொல்றப்பவே சிரிச்சா. சிரிச்சதும் மூச்சு வாங்குச்சு. ஃபோன்ல எனக்குக் கேட்டுச்சு.

ஹமீது ஆட்டோலயே போய் அவளைக் கூட்டிட்டு வந்தார். நான் டாக்டரம்மாகிட்ட சொல்லி எல்லாம் தயார் பண்றேன்னு அங்கேயே நின்னேன். என்ன தயார் பண்றது? நின்னேன், அவ்வளவுதான். நின்னுக்கிட்டு அந்தப் பத்து நாளைத் தேடிப் பார்த்தேன். தேடினா உடனே கிடைக்கும்னேன்ல. கிடைச்சுது. ஜனவரி ஒம்பது, என் கையால எழுதினது. ‘காலையில செண்பகம் ஏதோ சொன்னா. ஆறு நிமிஷம். முன்னைக்கு இப்ப பரவாயில்லை.’

அது மூச்சு வாங்கினதால சுருக்கிச் சொல்லியிருக்கா தம்பி. நான் முன்னேற்றம்னு எழுதியிருக்கேன்.

கண்டக்டர் என்ன சொல்றார்? கிருஷ்ணன்கோவிலா? அதுக்குள்ளயா? இல்ல இல்ல, நமக்கு இன்னும் இருக்கு.

அவளைச் சக்கர நாற்காலியில உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு நர்ஸ் பொண்ணு அட்டையை வச்சுக்கிட்டு என்கிட்ட கேட்டுச்சு. ‘அம்மாவுக்கு வயசு என்ன சார்? சுகர் உண்டா? ஏதாவது மருந்து ஒத்துக்காதா? இதுக்கு முன்ன ஆபரேஷன் நடந்திருக்கா?’ நான் ஆப்பைத் திறந்தேன். ஆயிரத்து நூத்திச் சொச்சம் குறிப்பு இருக்கு அதுல. ‘செண்பகம்’னு தேடினா முந்நூறுக்கு மேல வருது. சாம்பார் வருது, இட்லி வருது, நிமிஷக் கணக்கு வருது. அந்தப் பொண்ணு கேட்டதுல ஒண்ணு கூட இல்ல. நான் மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பார்க்கறேன். அந்தப் பொண்ணு பேனாவை வச்சுக்கிட்டுக் காத்திருக்கு. செண்பகம் நாற்காலியிலேருந்தே சொன்னா. ‘வயசு நாப்பத்தெட்டும்மா. சுகர் இல்ல. பெனிசிலின் ஊசி ஒத்துக்காது, பொண்ணு பொறந்தப்பப் போட்டு உடம்பெல்லாம் தடிச்சிருச்சு.’ அப்ப நான் அங்கதான் இருந்திருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல. நான் உடனே அதை எழுத ஆரம்பிச்சேன். அவ என்னைப் பார்த்து, ‘இப்பவுமா?’ன்னா.

அடைப்பு எண்பது சதவீதம். ஒரு ரத்தக்குழாய்லதான். அன்னைக்கே மணிக்கட்டு வழியா கம்பி விட்டு ஸ்டென்ட் வச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். ‘அதான் விடலையே சார், நல்ல நேரத்துல எழுதி வச்சிருந்தீங்க’ன்னாங்க. எழுதினது நான் இல்லையே. அதை எப்படிச் சொல்றது?

மறுநாள் ராஜபாளையத்துலேருந்து மங்கையும் சகலை கோதண்டமும் வந்தாங்க. மங்கை என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சகலை மட்டும் பக்கத்துல வந்து உக்கார்ந்தார். எப்பவும் பேசிக்கிட்டே இருக்கிற மனுஷன், அன்னைக்கு வாயே திறக்கலை. காபி வாங்கிட்டு வந்து கொடுத்தார். குடிச்சு முடிச்சதும், ‘திரவியம் அண்ணாச்சி, பேச்சைக் குறைச்சுட்டேன். தரம் எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்’னார். நான் காலி டம்ளரையே பார்த்துட்டிருந்தேன். அவரைப் பத்தி நான் எழுதின அந்த வரியைச் செண்பகம் அக்டோபர்லேயே மங்கைக்குப் படிச்சுக் காட்டியிருக்கா. அக்காவும் தங்கச்சியும் ஃபோன்ல தினம் என் குறிப்பைப் படிச்சுப் படிச்சுச் சிரிச்சிருக்காங்க. என் வீட்ல சாயங்காலம் சாயங்காலம் அவ சிரிச்ச முகமா இருந்தாள்னு சொன்னேன்ல, எதுக்குச் சிரிச்சான்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

இதெல்லாம் குறைன்னு எழுதலாமா? நான் எழுதினேன். குறை ஒண்ணு: யார் வேணா படிக்கலாம். அப்புறம் அதை அழிச்சுட்டேன். படிக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அப்ப அது நிறையா, குறையா? ஒரு வாரம் யோசிச்சும் எந்தப் பக்கம் போடறதுன்னு தெரியலை. இப்ப அது நடுவுல இருக்கு.

மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. மங்கை, ‘அக்கா ஒரு மாசம் எங்க வீட்ல இருக்கட்டும், இங்க ஓய்வு கிடைக்காது’ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டா. நான் தடுக்கலை. எந்த முகத்தோட தடுக்கறது? செண்பகம் புடவை நாலு எடுத்துக்கிட்டா. மாத்திரை டப்பா எடுத்துக்கிட்டா. டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டா. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைரியம். எழுதுவான்னு.

எழுதலை. ஒரு மாசம்னது நாப்பத்தோரு நாள் ஆச்சு. ஃபோன் பேசுவோம். ‘சாப்பிட்டீங்களா’, ‘மாத்திரை போட்டியா’, ‘போட்டேன்’, ‘சரி’. அதோட வச்சிருவோம். வாயால எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை தம்பி. அதனால நான் எழுதினேன். அவ படிப்பான்னு தெரிஞ்சே எழுதினேன். ‘இன்னைக்குச் சோறு குழைஞ்சு போச்சு. தப்பு என்னோடது.’ ‘துணி காயப்போட மாடிக்குப் போனேன். பதினெட்டுப் படி. வாளியோட ஏறினா எனக்கே மூச்சு வாங்குது.’ ‘மாடியில ஒரு செம்பருத்தித் தொட்டி இருக்கறதை இன்னைக்குத்தான் பார்த்தேன். தண்ணி ஊத்தினேன்.’ ‘பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், வாளி கேட்டார், கொடுத்தேன். நீ இருந்தா கொடுத்திருப்பியான்னு தெரியலை.’ இப்படி நாளுக்கு ஒண்ணு. ஒருநாள், ‘மன்னிச்சிரு’ன்னு எழுதினேன். எழுதிட்டு, அது ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் தெரியுமேன்னு ஞாபகம் வந்து, ஹமீது பார்த்துருவாரோன்னு கீழ ஒரு வரி சேர்த்தேன். ‘மன்னிச்சிரு, பிஸ்கட் சாம்பிள் தாமதத்துக்கு’ன்னு. ஆமா, முட்டாள்தனம்தான். நீங்க சொல்ல வேண்டாம், நித்திலாவே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டா. அவ ஃபோன்லயும் அது வருதாம். போட்டுக் கொடுத்தவ அவதானே, அவ பேருலதான் கணக்கே திறந்திருக்கா. முதல் நாள்லேருந்து புனேயில உக்கார்ந்து எல்லாம் படிச்சிருக்கா. ‘அப்பா, அந்த பிஸ்கட் வரியை எடுங்க’ன்னா. எடுத்தேன்.

ரெண்டு மட்டும் இல்ல தம்பி, நாலுல வந்துட்டிருந்திருக்கு.

முந்தாநாள் காலைல ஒண்ணு வந்துச்சு. அவ எழுதினது. என் மாதிரி எழுதலை, அவளா எழுதினா. ‘வர்றப்ப என் நீலச் செருப்பை எடுத்துட்டு வாங்க. கட்டிலுக்கு அடியில இருக்கு.’

அவ்வளவுதான். வான்னும் இல்ல, எப்பன்னும் இல்ல. வர்றப்பன்னு இருக்கு. அதான் லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன். இதோ மடியில இருக்கிற பையில செருப்புதான் இருக்கு. நேத்துப் பூரா இதையேதான் யோசிச்சேன். நீலச் செருப்பு வீட்ல போடற ரப்பர் செருப்பு இல்ல, வெளிய நடக்கறதுக்குப் போடறது. டாக்டரம்மா தினம் நடக்கச் சொல்லியிருக்காங்க. ராஜபாளையத்துலேயே நடக்கறதுக்குன்னா, அவ இன்னும் அங்க இருக்கப் போறா. ஊருக்குத் திரும்பி வர்றதுக்குன்னா, போட்டுட்டுப் போன செருப்பு இருக்கே, அது போதுமே. வேற செருப்பு எதுக்கு? நீங்க என்ன நினைக்கறீங்க? நேரா கேட்டிருக்கலாம்னா சொல்றீங்க? நித்திலாவும் அதான் சொன்னா. ‘அப்பா, ஃபோன் பண்ணி, வர்றியான்னு ஒரு வார்த்தை கேளுங்க’ன்னா. கேட்டு, அவ வரலைன்னுட்டா?

உங்களைப் பேசவே விடலை நான். நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? தென்காசியா? என்ன வேலையா போறீங்க? பொண்ணு பார்க்கவா! அட, இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா? நானும் திருமங்கலத்துலேருந்து ஆப் ஆப்னு… அதுக்குத்தான் நிறை குறை எழுத ஆப் தேடறீங்களா? வேண்டாம் தம்பி. ஆப் போட்டுக்குங்க, நல்ல ஆப், தொலையாது, தேடினா கிடைக்கும். அந்தப் பொண்ணைப் பத்தி மட்டும் அதுல எழுதாதீங்க. பெனிசிலின் ஒத்துக்குமான்னு கேட்டு வேணா எழுதிக்குங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி இவ்வளவு தூரம் வந்தாச்சா? இது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டேதான். கொஞ்சம் வழி விடுங்க. அந்த ஜன்னலைத் திறங்க… அதோ, தூண் பக்கத்துல, பச்சைப் புடவை. அவதான். மங்கை வீட்டுக்கு ஆட்டோல வந்து இறங்குங்கன்னுதான் சகலை சொன்னார். இவ எதுக்கு வந்து நிக்கறா இந்த வெயில்ல? உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல, கொஞ்சம் பாருங்க, பக்கத்துல பெட்டி ஏதாவது இருக்கா? கைப்பை இல்ல, பெட்டி. இல்லையா? நல்லாப் பார்த்தீங்களா?

சரி. இல்லைன்னா இல்ல. மேல பாருங்க, அந்தப் பலகையில இருக்கே, அந்தக் காக்கிப் பை, அது என்னோடதுதான், எடுத்துக் கொடுங்க. சட்டை ஆறு இருக்கு அதுல. பத்து நாள் லீவு சொல்லியிருக்கேன். வீட்ல யாருக்கும் தெரியாது, எதுலயும் எழுதலை. இங்கயே நடக்கப் போறான்னா, கூட நடக்கறேன்.

பார்த்துட்டா. கையைக் காட்டறா. ஏதோ சொல்றா, இந்த இரைச்சல்ல கேக்கலை. நல்லபடியா போய்ப் பாருங்க தம்பி, பொண்ணு நல்ல பொண்ணா இருக்கும். நானும் இறங்கினதும் சொல்றதுக்குன்னு நாலு வரி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். இருக்கட்டும். அவ ஏதோ சொல்லிட்டிருக்கா. முதல்ல அது என்னன்னு கேக்கறேன்.